கோல்காரரின் அரையடி

இந்த ஊர்ப் படகுத்துறை மூடிப்போனதற்கு என் தம்பி எழுதிய பொய்தான் காரணம் என்று சொல்கிறார்கள். முடிதிருத்தும் கடையில் சொல்கிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் சொல்கிறார்கள். போன மாதம் மருந்துக் கடையில் என் பின்னால் நின்ற ஓர் ஆள், நான் யார் என்று தெரியாமல், என்னிடமே சொன்னான். மாத்திரையை வாங்கிக்கொண்டு பதில் சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நாற்பது வருடம் சாக்கு தைத்தவள். ஒரு தையல் விட்டுப்போனால் மூட்டை எங்கே பிரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

கடலிலிருந்து தொண்ணூறு மைல் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அந்தக் காலத்தில் இங்கே சரக்கு வந்துபோக ஆற்றை விட்டால் வேறு வழி இல்லை. ரயில் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் கிடைத்ததும் சிமெண்ட் ஆலை வந்தது. ஆலை வந்ததும் துறை பெருத்தது. நான் சாக்குக் கிடங்கில் சேர்ந்த வருடம், ஒரே நாளில் முப்பத்தொரு சரக்குப் படகுகள் கரையில் நின்றதை எண்ணியிருக்கிறேன். கயிற்றுக் கடை மட்டும் மூன்று. நாற்பது கட்டில் போட்ட விடுதி ஒன்று. கட்டில் கிடைக்காத படகு ஆட்கள் எங்கள் கிடங்கு வாசலில் சாக்கை விரித்துத் தூங்குவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை, கடிகாரக் கடை, பல் பிடுங்குகிறவர் இரண்டு பேர். பல் பிடுங்குகிறவர் இரண்டு பேர் பிழைக்கிற ஊர் சின்ன ஊராக இருக்க முடியாது என்று, மூட்டை தூக்கித் தோள் சாய்ந்துபோன எங்கள் அப்பா பெருமையாகச் சொல்வார்.

தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். பத்தாம் வகுப்பு தேறினான். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் தேறியதில்லை. பத்தொன்பது வயதில் ஆழம் பார்க்கும் படகில் துடுப்புப் போடச் சேர்ந்து, இருபத்தேழாவது வயதில் கோலைக் கையில் வாங்கினான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் கோல்காரர். பெற்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

வேலை இதுதான். காலை ஐந்தரைக்குப் படகில் இறங்க வேண்டும். கோல் பதினெட்டு அடி மூங்கில், அடிக்கு ஒரு நிறமாகச் சிவப்பும் வெள்ளையும் பூசியது. சேற்றில் குத்திக்கொள்ளாமல் இருக்க முனையில் அகலமான இரும்புப் பூண். படகு போகும் தடத்தில் ஆறு இடங்களில் கோலை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். மற்ற துறைகளில் இடத்துக்கு ஒரு தடவை இறக்குவார்கள். தம்பி மூன்று தடவை இறக்கி, மூன்றில் குறைந்ததை எடுப்பான். ஆறு இடங்களில் எது மிகக் குறைவோ அதுதான் அன்றைய ஆழம். அநேகமாக அது ஊருக்குக் கீழே இருக்கும் வளைவாகத்தான் இருக்கும். ஏழு மணிக்குள் கரையில் இருக்கும் கறுப்புப் பலகையில் அந்த எண்ணைத் தகர அட்டையில் மாட்ட வேண்டும். கால், அரை, முக்கால் என்று தனி அட்டைகள் உண்டு. அதையே பதிவேட்டில் எழுத வேண்டும். படகோட்டிகள் பலகையைப் பார்த்துத்தான் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று முடிவு செய்வார்கள். சரக்கு ஏற ஏறப் படகு அமிழும். ஆழத்தைவிட அதிகம் அமிழ்ந்தால் வளைவில் தரைதட்டும்.

இருபத்திரண்டு வருடத்தில் அவன் போகாத நாள் பதினொன்று. கல்யாணத்துக்கு இரண்டு, டைபாய்டுக்கு ஏழு, அம்மா இறந்தபோது இரண்டு.

இனி அரையடிக்கு வருகிறேன். தம்பிக்கு முன்னால் கோல் பிடித்தவர் பயந்த சுபாவம். ஒரு தடவை ஒரு படகு தட்டி, அவர் மேலிடத்தில் திட்டு வாங்கினார். மறுநாளிலிருந்து எதற்கு வம்பு என்று உள்ளதில் அரையடி குறைத்து மாட்டத் தொடங்கினார். படகோட்டிகளிடமும் கோல் இருக்கிறதே, ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பலகையில் பத்து என்றால் பத்தரை என்று வைத்து, நான்கு விரல் தண்ணீர் மட்டும் மிச்சம் விட்டு ஏற்றினார்கள். அவர் குறைப்பார், இவர்கள் கூட்டுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதன்பிறகு இரண்டு பக்கமும் நிறுத்த முடியாமல் போய்விட்டது.

தம்பி கோல் வாங்கிய முதல் வாரம் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அரசாங்கப் பலகையில் எப்படிப் பொய் மாட்டுவது என்று அவனுக்கு ஆறவில்லை. ஆனால் உண்மையை மாட்டினால், பழக்கத்தில் அரையடி கூட்டுகிறவன் எவனாவது தட்டுவான். எல்லாரிடமும் சொல்லிவிட்டாலும், அன்றைக்கு வெளியூரில் இருந்த ஒருவன் போதும். அதனால் அவனும் குறைத்தே மாட்டினான். பிற்பாடு அவன் மனைவி இதை வைத்து அவனைக் கேலி செய்வாள்: "எங்க வீட்டுக்காரர் பொண்ணு பார்க்க வந்தப்ப வயசுலயே அரை வருஷம் குறைச்சுத்தான் சொன்னார். நான்தான் கூட்டிக்கிட்டேன்."

பலகையும் பதிவேடும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. வருடத்துக்கு இரண்டு முறை மேற்பார்வையாளர் வந்து ஒத்துப் பார்ப்பார். ஆகவே பதிவேட்டிலும் அரையடி குறைந்தது. உண்மை ஆழத்தைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைடா, நாற்பது பக்க நோட்டு போதும் என்று முதல் வருடமே சொன்னேன். அவன் சிரித்தான்.

"அரையடி கூட்டத் தெரியாதவன் இந்த ஊர்ல யாருக்கா இருக்கான்?"

ஊரில் யாரும் இல்லைதான். ஊருக்கு வெளியே இருந்து ஒருவர் வந்து அந்தப் பதிவேட்டைப் படிப்பார் என்று அவனும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நினைக்கவில்லை. என் புத்தி, எதற்கும் இரண்டாவது தையல் போடுகிற புத்தி. அவ்வளவுதான்.

பிறகு ஆற்றின் மேல்பக்கம் அணை கட்டினார்கள். வெள்ளம் வந்து வண்டலை அடித்துக்கொண்டு போவது நின்றது. வளைவில் மண் சேர ஆரம்பித்தது. தம்பி கோல் வாங்கியபோது கோடையில் வளைவில் பத்தடி உண்மையான ஆழம். அது ஒன்பதானது, எட்டானது. ஆழம் குறைந்தால் ஏற்றும் சரக்கு குறையும். சரக்கு குறைந்தால் பயணம் கட்டுப்படியாகாது. முப்பத்தொரு படகு பதினேழாகி, பதினொன்றில் வந்து நின்றது. பல் பிடுங்குகிறவர்களில் ஒருவர் ஊரை விட்டே போனார். மற்றவர் செருப்புக் கடை வைத்தார். விடுதியில் கட்டில்களை அடுக்கி வைத்துவிட்டுக் கோழித்தீவனம் போட்டு வைத்தார்கள்.

ஆற்றைத் தூர்வார, துறையை நடத்தும் இலாகாவிடம் ஓர் இயந்திரம் இருந்தது. மொத்த ஆற்றுக்கும் ஒன்றே ஒன்று. அது அறுபது நாள் வந்து வளைவில் நின்றால் துறைக்கு இன்னும் பத்து வருட ஆயுசு என்று தம்பி கணக்குப் போட்டான். அவன் மேலதிகாரிக்கு எழுதினான், வியாபாரிகள் சங்கத் தலைவரை எழுத வைத்தான். தலைவர் இரும்புக் கடைக்காரர், நல்ல மனிதர், ஆனால் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஏழு வருடம், வருடத்துக்கு ஒரு மனு. கவனிக்கப்படும் என்று ஏழு தபால் அட்டைகள் வந்தன. கவனித்தது யார் என்றுதான் தெரியவில்லை.

எட்டாவது வருடம் ஒரு கடிதம் வந்தது. இந்த வருடம் இயந்திரம் எங்கள் ஊருக்கோ, கீழே இருபது மைலில் இருக்கும் துறைக்கோ வரும். எந்த வளைவில் வேகமாக மண் சேர்கிறது என்று இன்ஜினியர் வந்து அளந்து முடிவு செய்வார். தம்பி கோலுக்குப் புது வண்ணம் பூசினான். அன்று இரவு அவன் மனைவி அவன் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

இன்ஜினியர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார், யாரையும் மட்டம் தட்டவில்லை. அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மோட்டார் படகில் ஆழம் காட்டும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஆற்றில் மேலும் கீழும் போய் வந்தார். பிறகு கரைமேல் இருக்கும் அலுவலக மாடி அறையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் பிரித்தார். மேசைக்கு இந்தப் பக்கம் தம்பியும் தலைவரும். மனுக்களின் நகல் என்னிடம்தான் இருந்தது என்பதால் நானும் கதவோரம் ஒரு ஸ்டூலில் இருந்தேன்.

"உங்க பதிவேட்டுல நேத்து வளைவு அஞ்சரை அடி. என் கருவி ஆறுங்குது. போன வருஷம் இதே மாசம் நீங்க எழுதினதும் ஆறுதான். அப்போ ஒரு வருஷமா மண்ணே சேரலையே. எதுக்கு இயந்திரம் கேக்கறீங்க?"

தலைவர் மேசைக்கடியில் தம்பியின் காலை மிதித்தார். பேசு என்று மிதித்தாரா, பேசாதே என்று மிதித்தாரா என்று தம்பிக்கு இன்றுவரை தெரியாது. தலைவரைக் கேட்டால் மிதிக்கவே இல்லை என்கிறார்.

"போன வருஷம் நிஜத்துல ஆறரைம்மா. நான் அரையடி குறைச்சுத்தான் எழுதுவேன்."

"ஏன்?"

"படகோட்டிங்க அரையடி கூட்டிப்பாங்க."

"அவங்க ஏன் கூட்டறாங்க?"

"நான் குறைக்கறதால."

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை வருடமாக என்று கேட்டார். தான் வந்து இருபத்திரண்டு, தனக்கு முன்னால் ஒரு பதினைந்து இருக்கும் என்றான். அவர் சிறிது நேரம் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு, இதை மறக்கக் கூடாது, அவர் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"சரி. தினமும் சரியா அரையடின்னா நான் எல்லாத்துலயும் அரையடி கூட்டிக்கறேன். பதிவு செல்லும். தினமும் அரையடிதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஊரே அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் ஸ்டூலில் இருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"வெள்ளத்துல ஒரு அடிம்மா. தண்ணி மத்தியானத்துக்குள்ள சட்டுனு இறங்கிடும். பனிமூட்டத்துல முக்காலடி."

"அதெல்லாம் எங்கயாவது குறிச்சிருக்கீங்களா?"

"அவங்களுக்குத் தெரியும்" என்று ஜன்னல் வழியாகக் கரையில் நின்ற படகுகளைக் காட்டினான்.

இன்ஜினியர் பதிவேட்டை மூடினார். கோபமாக மூடவில்லை, மெதுவாகத்தான் மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமான்னு சொல்லியிருந்தா வாயில இருக்கற பல்லா கொட்டியிருக்கும்?"

"கேட்டாங்களேக்கா. அளவு கேட்டா அளவைத்தானே சொல்லணும்."

"இருபத்திரண்டு வருஷமா அரையடி குறைச்சு எழுதினியே, அப்ப எங்க போச்சு இந்த நியாயம்?"

"அது அளவு இல்ல. அது எனக்கும் படகுக்காரங்களுக்கும் உள்ள பேச்சு."

இதற்கு மேல் அவனோடு என்ன பேசுவது? சுவரோடு பேசினால் சுண்ணாம்பாவது உதிரும். அவன் மனைவி எங்கள் இருவருக்கும் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. துறையின் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல. இயந்திரம் கீழ்த்துறைக்குப் போகும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பலகையில் உண்மை ஆழத்தையே மாட்ட வேண்டும், தவறினால் நடவடிக்கை.

தம்பி உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பதினொரு படகோட்டிகளையும் ஒருவர் விடாமல் பார்த்துச் சொன்னான். இரண்டு பேர் கீழ்த்துறையில் இருந்தார்கள். பேருந்து பிடித்துப் போய் அவர்களிடமும் சொல்லிவிட்டு வந்தான். பலகைக்குக் கீழே, 'இது உண்மை ஆழம்' என்று ஓர் அட்டை எழுதி மாட்டினான். வேண்டாம் என்று நான் சொன்னேன். உண்மை என்று எழுதி வைத்தால்தான் எதிலோ கோளாறு என்று ஆட்களுக்குத் தோன்றும். பால் கடையில் 'தண்ணீர் கலக்காத பால்' என்று எழுதியிருந்தால் நாம் என்ன நினைக்கிறோம்?

பதினொரு பேரில் மூத்தவர் மீசைக்காரர். பதினெட்டு வருடமாகத் தம்பியின் பலகையைப் பார்த்துப் படகு ஓட்டியவர். ஆலையின் சிமெண்ட் பெரும்பாலும் அவர் படகில்தான் போகும். தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "புரியுது கோல்காரரே, புரியுது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாராம். அவருக்குப் புரிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அன்று தம்பி நிம்மதியாகத் தூங்கினான்.

முதல் எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. போன படகுகளெல்லாம் காலி பீப்பாய், பஞ்சு, மரத்தூள் என்று லேசான சரக்கு. ஒன்பதாம் நாள் பலகையில் ஆறு. வளைவில் உண்மையாகவே ஆறு. மீசைக்காரர் அதை ஆறரை என்று வைத்து, நான்கு விரல் விட்டு, இருநூற்று எண்பது டன் சிமெண்ட் ஏற்றினார். பத்து மணிக்கு வளைவில் தட்டினார். இரண்டு படகுகளைக் கட்டி இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் படகு குறுக்கே திரும்பி, பக்கவாட்டில் தகடு பிளந்து, தண்ணீர் உள்ளே போனது. கோடை, தண்ணீர் தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகளைக் கிழித்துக் கொட்டவும் நேரமில்லை. நான்கு நாளில் உள்ளே இருந்த சிமெண்ட் இறுகிப் படகு முழுக்க ஒரே கல்லாகிவிட்டது. நான் கைப்படத் தைத்த சாக்குகளும் அதற்குள் இருக்கின்றன.

தடம் அடைபட்டது. படகை அகற்றுவது உரிமையாளர் பொறுப்பு என்றது இலாகா. பலகை இலாகாவுடையது, ஆகவே அகற்றுவது இலாகாவின் பொறுப்பு என்றார் உரிமையாளர். அந்தக் கடிதங்கள் இன்னும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. வளைவுக்கு இந்தப் பக்கம் சிக்கிக்கொண்ட நான்கு படகுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஆலை அந்த வாரமே லாரிகளை அமர்த்தியது. வந்த லாரிகள் பிறகு போகவே இல்லை.

பொய் எழுதினான் என்கிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறேன். அவன் பொய் எழுதிய இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படகும் தட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து மீசைக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். தம்பி மனைவி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னீங்க. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். மேல இருந்து ஆள் வந்துட்டுப் போயிருக்காங்க, அவங்க காதுக்காகச் சொல்றீங்கன்னு நினைச்சேன். நீங்களாவது, எங்களுக்கு அரையடி விடாம மாட்டறதாவது."

 அவர் போன பிறகும் தம்பி அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருடத்தில் அவன்மேல் யாரும் வைத்த ஆகப் பெரிய நம்பிக்கை அதுதான். அந்த நம்பிக்கைதான் படகைக் கொண்டுபோய் மண்ணில் ஏற்றியது. இதில் யாரை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேவைக்கு மேல் நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இலாகா தம்பியிடம் விளக்கம் கேட்டது. பலகை மாறிய விஷயத்தைப் படகோட்டிக்கு நேரில் தெரிவித்தீர்களா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் மீசைக்காரரின் உரிமம் போகும். இல்லை என்றால் தம்பியின் மேல் நடவடிக்கை. அவன் பதினொரு பேரையும் தேடித் தேடிப் பார்த்ததற்கு ஊரே சாட்சி. பேருந்துச் சீட்டுகூட அவன் சட்டைப்பையில் இருந்தது. நான் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சொன்னேன்னு ஒரு வரி எழுது. அது நிஜம்தானே? அளவு கேட்டா அளவைச் சொல்லணும்னியே."

"சொன்னேன். ஆனா அவருக்குப் போய்ச் சேரலியேக்கா."

"அது அவரு காது செஞ்ச தப்பு."

"அந்தக் காதை பதினெட்டு வருஷமா அப்படிப் பழக்கினது யாரு?"

தெளிவாகத் தெரிவிக்கத் தவறிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்று மாலைத் தபாலிலேயே சேர்த்துவிட்டான். தவறிவிட்டேன் என்கிற அந்தச் சொல்லைத்தான் இலாகா எடுத்துக்கொண்டது. பத்திரிகைக்காரனும் அதைத்தான் எடுத்துக்கொண்டான். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கோல்காரர் பதவியை ஒழித்துவிட்டு, மூடிய அலுவலகத்துக்கு அவனைக் காவலாக வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் அறைகளைத் திறக்கிறான், கூட்டுகிறான், மாலை ஐந்துக்குப் பூட்டிவிட்டு வருகிறான்.

மீசைக்காரரின் உரிமம் போகவில்லை. கீழ்த்துறையில் வேறொருவர் படகை ஓட்டுகிறார். இயந்திரம் தோண்டிய தடம், பன்னிரண்டு அடி ஆழமாம். அங்கே பலகையில் எண்ணைக் கருவியே காட்டுகிறதாம், யாரும் எதையும் கூட்ட வேண்டியதில்லையாம். போன வாரம் யாரோ வந்து இதையெல்லாம் சொன்னபோது தம்பி, நல்லதுதானே என்றான். நல்லதுதான். அன்று முழுக்க நான் அவனோடு பேசவில்லை.